தண்ணீர்த் தொட்டி நின்ற இடம்

ஏரியின் கிழக்குக் கரையில் பதினேழு வீடுகள் இருந்தன. கடைசி வீடு ஒட்டுக்காரருடையது. மா, சப்போட்டா, எலுமிச்சை என்று பழமரக் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டி விற்பவர் என்பதால் அந்தப் பெயர். வீட்டின் பின்வாசலிலிருந்து ஏரி வரைக்கும் நீண்டு கிடந்த நிலத்தில் கறுப்புப் பைகளில் கன்றுகள் வரிசை வரிசையாக நிற்கும். நடுவே நாலு தாய்மரங்கள். இரண்டு மா, ஒரு சப்போட்டா, ஒரு எலுமிச்சை. ஒட்டுக்கு வேண்டிய குச்சியெல்லாம் அந்த நாலிலிருந்துதான் வெட்ட வேண்டும். தாய்மரம் இருக்கிறவருக்குத்தான் விவசாய ஆபீஸ் சான்றிதழ் தரும். சான்றிதழ் இருந்தால்தான் கன்றில் பெயர்ச்சீட்டுக் கட்டி விற்கலாம். இல்லையென்றால் சந்தையில் கூறு போட்டு விற்கிற காட்டுக் கன்றோடு அதுவும் ஒன்று. ஒட்டுக்காரரும் அவர் மனைவியும் இருபத்திரண்டு வருஷமாக அந்த நாலு மரத்தின் தயவில்தான் சாப்பிட்டார்கள்.

செடி விஷயத்தில் அவரைப் போலப் பொறுமைசாலி கிடையாது. கன்றின் தண்டு பென்சில் கனம் வருகிற வரைக்கும் தொடமாட்டார். சாய்வாக ஒரு வெட்டு, குச்சியில் அதே சாய்வில் ஒரு வெட்டு, இரண்டையும் சேர்த்துப் பிளாஸ்டிக் நாடாவால் சுற்றுவார். "சேர்ந்த இடத்துல காத்து போகக் கூடாது, தண்ணி போகக் கூடாது, அவசரமும் போகக் கூடாது" என்பார். ஆனால் தேதி போட்ட காகிதம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். கெடுவுக்கு முன்னால் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். "எமன் ஆள் அனுப்புறதுக்கு முன்னாடியே இவர் பெட்டியைக் கட்டி வாசல்ல நிப்பார்" என்று மனைவி சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மனைவியின் தங்கை வந்தாள். தாய் இல்லாத பெண். அக்காதான் வளர்த்துப் படிக்க வைத்தாள். வீட்டில் அவள் இன்னும் சின்னவள்தான். டவுனில் ஒரு வரைபடக் கம்பெனியில் வேலை. செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு ஏரி எது, காடு எது, வயல் எது என்று நீர்வளத் துறைக்காகக் கோடு போட்டுக் கொடுக்கிற வேலை. எந்த வீடு கோட்டுக்குள் வருகிறது என்று பார்ப்பது துறையின் வேலை.

அக்கா பின்வாசலில் உட்கார்ந்து பைகளுக்கு மண் கலந்துகொண்டிருந்தாள். ஒரு பங்கு மணல், ஒரு பங்கு எரு, இரண்டு பங்கு செம்மண். கை முழங்கை வரைக்கும் சிவப்பு.

"வாடி, மேப்பு மகாராணி. உங்க அத்தானுக்கு ஆகாசத்துலேருந்து கடுதாசி வந்திருக்கு."

"ஆகாசத்துலேருந்தா?"

"படிச்சுப் பாரு. அலமாரி மேல இருக்கு. எனக்குப் பாதி புரியுது, பாதி புரியலை. புரிஞ்ச பாதியே நல்லதா இல்லை."

நோட்டீஸ் நீர்வளத் துறையிலிருந்து வந்திருந்தது. செயற்கைக்கோள் படத்தின் துணையோடு தயாரித்த வரைபடத்தின்படி ஏரியின் எல்லை கிழக்கே நீள்கிறது. இந்த நிலம் அதற்குள் வருகிறது. இருபத்தொரு நாளில் கட்டடங்களையும் மரங்களையும் அகற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் துறை இயந்திரம் கொண்டு அகற்றும். இதே நோட்டீஸ் பதினேழு வீட்டுக்கும் வந்திருந்தது. ஒட்டுக்காரருக்கு வீடு தப்பித்தது. தோட்டம் முழுசும் போகிறது. பக்கத்தில் தையல்காரம்மாவுக்கு வீடே போகிறது.

கீழே வரைபட எண் இருந்தது. சின்னவள் அதை இரண்டு தரம் பார்த்தாள்.

ஒட்டுக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன சின்னவளே, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"அத்தான், இந்த மேப் நான் போட்டது."

"நீ போட்டதா?" அவர் முகத்தில் வந்தது கோபம் அல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதல் மார்க் வாங்கினால் வருமே, அது. காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்போ சரியாத்தான் இருக்கும்."

"சரியாத்தான் இருக்குமாம்! தோட்டம் போகுதுன்னு எழுதியிருக்கு, இந்த மனுஷனுக்குப் பெருமை தாங்கலை" என்றாள் அக்கா.

"அதுக்கில்ல. பக்கத்துல நின்னு அளக்கிறவன் வேண்டியவன், வேண்டாதவன்னு பார்ப்பான். மேலேருந்து பார்க்கிறதுக்கு அதெல்லாம் உண்டா? ஏரி நிலம்னா ஏரிக்குத்தானே. நாம தெரியாம இருந்துட்டோம்."

"நாளைக்கு ஆபீஸ்ல மறுபடி பார்த்துட்டுச் சொல்றேன், அத்தான்" என்றாள் சின்னவள்.

திங்கட்கிழமை பார்த்தாள். ஏரியின் எல்லை ஒரு பழைய காகித வரைபடத்தில் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தியது. அந்தக் காகிதத்தைக் கணினியில் ஏற்றி, செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த வேண்டும். இரண்டிலும் தெரிகிற அசையாத பொருள்களைத் தேடி, இதன் மேல் இது என்று குண்டூசி குத்துவது போலக் குத்திக்கொண்டே போனால், காகிதம் ரப்பர்போல இழுபட்டுப் படத்தின் மேல் உட்கார்ந்துவிடும். மேற்கே பாலம், வடக்கே முச்சந்தி, தெற்கே மதகு, கிழக்கே தண்ணீர்த் தொட்டி. எல்லாம் குத்திய இடத்தில் இருந்தன. எங்கேயும் விலகல் இல்லை.

அக்காவுக்குப் போன் செய்தாள். "பார்த்துட்டேன்க்கா. கோடு சரியாத்தான் இருக்கு."

"சரி" என்றாள் அக்கா. "நீ சாப்பிட்டியா?"

குண்டூசி குத்துகிற ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய் நின்று பார்த்துவிட்டு, 'சரிபார்த்தது' என்று குறி போட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அந்த வரைபடம் போட்ட சமயத்தில் சின்னவள் பாலத்துக்குப் போனாள். முச்சந்திக்குப் போனாள். மதகுக்குச் சேற்றில் நடந்து போனாள். தொட்டிக்கு மட்டும் போகவில்லை. அது அக்கா வீட்டுப் பக்கம். நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிற தொட்டி. அந்தப் பக்கம் போய்விட்டு அக்கா வீட்டில் தலைகாட்டாமல் வர முடியாது, தலைகாட்டினால் சாப்பிடாமல் விடமாட்டாள், அரைநாள் போய்விடும். என் வீட்டுத் தொட்டி எனக்குத் தெரியாதா என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறி போட்டாள். அன்னியர் ஊராக இருந்திருந்தால் போய்ப் பார்த்திருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை அக்காவைப் பார்க்கப் புறப்பட்டாள். முந்தின நாள் மழை. வழக்கமாகப் போகிற சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால், பஸ் சுற்றி வந்து தொட்டித் தெருவில் இறக்கிவிட்டது. அங்கே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் டீ வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"தொட்டிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க போல."

"பெயின்ட்டா? நீ எந்த உலகத்துலம்மா இருக்க? தொட்டியே புதுசு. பழசு ஒரு பக்கமா சாஞ்சு நின்னுச்சு. எவன் தலையில எழுதியிருக்கோன்னு எல்லாரும் ஓரமா ஒதுங்கி நடந்தோம். இடிச்சுட்டு இதைக் கட்டினாங்க. ஆச்சு, ஏழெட்டு வருஷம்."

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் வெளியூரில் ஹாஸ்டலில் இருந்தாள்.

"பழசு எங்க நின்னுச்சு?"

"அதோ, பிள்ளைங்க பந்து அடிக்க வலை கட்டியிருக்காங்க பாரு, அங்க. ஏரிப் பக்கமா."

சின்னவள் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தாள். எட்டு வைத்து எண்ணினாள். தொண்ணூற்று மூன்று எட்டு. வலைக்குப் பின்னால் புல்லுக்குள் பழைய தூண்கள் நாலின் அடிப்பாகங்களும் இருந்தன. பழைய காகிதத்தில் இருந்தது இந்தத் தொட்டி. படத்தில் தெரிவது அந்தத் தொட்டி. இதை அதன் மேல் வைத்து அவள் குத்திவிட்டாள். ரப்பரோடு சேர்ந்து ஏரியும் தொண்ணூற்று மூன்று எட்டு கிழக்கே இழுபட்டு, பதினேழு வீட்டின் மேல் ஏறிவிட்டது. மற்ற மூன்று பக்கமும் சரி. இந்தக் கரை மட்டும் தப்பு.

அங்கிருந்து பார்த்தால் அக்கா வீட்டு மாமரங்களின் தலை தெரிந்தது. பத்து நிமிஷ நடை. சின்னவள் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் ஏறினாள். தலைவலி, அடுத்த வாரம் வருகிறேன் என்று அக்காவுக்குச் சொன்னாள். கடைக்கார அம்மா ஆறிப்போன டீயை வெளியே ஊற்றினாள்.

ஆபீஸில் அவளுக்கு மேலே இருந்தவரைக் கண்ணாடியார் என்பார்கள். ஒரு கண்ணாடி மூக்கில், ஒரு கண்ணாடி தலையில். கெட்டவர் இல்லை. திங்கட்கிழமை அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தலையில் இருந்ததை மூக்குக்கும் மூக்கில் இருந்ததைத் தலைக்கும் மாற்றினார்.

"கெடு முடிய எத்தனை நாள் இருக்கும்மா?"

"பன்னிரண்டு நாள், சார்."

"இந்த வெள்ளிக்கிழமை மொத்த அறிக்கையும் கையெழுத்தாகுது. இப்போ போய் ஒரு மூலையில ஓட்டைன்னு சொன்னா முழுசும் நின்னு போயிடும். இருபது பேர் வேலை. உன் வேலையும் அதுலதான் இருக்கு. அடுத்த திங்கள் திருத்தக் கடிதம் நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். அதுக்கப்புறமும் அஞ்சு நாள் இருக்கே. அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது?"

கணக்குப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அந்த வாரத்தில் நாலு தரம் போனை எடுத்தாள், நாலு தரமும் வைத்தாள். 'நீ போட்டதா? அப்போ சரியாத்தான் இருக்கும்' என்ற அந்தக் குரலிடம் என்ன சொல்வது? கடிதம் கைக்கு வரட்டும், திருத்திய வரைபடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்லலாம் என்று இருந்தாள். நல்ல சேதியைக்கூட உடுத்தி அழகு பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பது ஒரு கர்வம்தான். அது கர்வம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கண்ணாடியார் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். 'எங்கள் அலுவலகத்தின் தவறு' என்று எழுதினார். அவள் பெயரை எழுதவில்லை. சின்னவள் மதியமே கிளம்பிவிட்டாள்.

தெருமுனையில் திரும்பியபோதே வானம் அதிகமாகத் தெரிந்தது.

பின்வாசலில் அக்கா கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். இலைகள் சுருண்டு பழுப்பாகியிருந்தன. நாலு அடிக்கட்டைகளும் ஒரே உயரத்தில், சீராக அறுபட்டிருந்தன. வேலிப் பக்கம் நிழலில் நூற்று நாற்பது புதுக் கன்றுகள், எல்லாம் அவசரமாக ஒட்டுக் கட்டியவை.

"எப்போக்கா?"

"வியாழக்கிழமை." அக்கா நிமிரவில்லை. "இன்னும் நாள் கிடக்கேன்னு நானும் சொன்னேன். கேட்டாத்தானே. மெஷின் வந்தா வேரோட பிச்சு எறிவான், அதைப் பார்க்க என்னால ஆகாது, என் கையாலயே போகட்டும்னார். ஒவ்வொரு மரத்துலயும் கையை வச்சுக் கண்ணை மூடிட்டு நின்னார். என்ன வேண்டினாரோ. குச்சியெல்லாம் வெட்டி ராப்பகலா ஒட்டுக் கட்டினோம். இது ஒட்டுக்குக் காலமில்ல, பிடிக்காதுன்னு அவருக்கே தெரியும். நீ ஏன் நிக்கிற? உட்காரு. தலைவலி போச்சா?"

சின்னவள் உட்காரவில்லை. ஒட்டுக்காரர் ஏரிப் பக்கமிருந்து இரண்டு குடம் தண்ணீரோடு வந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அத்தான், கோடு தப்பு."

அவர் குடத்தை இறக்கினார்.

"நான் போட்டது தப்பு. தொட்டியை இடம் மாத்திக் கட்டியிருக்காங்க. நான் நேர்ல போய்ப் பார்க்கலை. பார்த்த மாதிரி குறி போட்டுட்டேன். இந்த நிலம் ஏரிக்குள்ள வரலை. இது கடிதம்."

அவர் கடிதத்தை வாங்கவில்லை. கை ஈரமாக இருந்தது. "எப்போ தெரிஞ்சுது?" என்றார்.

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"ஒன்பது நாள் ஆச்சு, அத்தான்."

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. வெள்ளி, வியாழன், புதன் என்று பின்னாலிருந்து எண்ணி சனிக்கிழமைக்கு வந்து நின்றாள்.

"ஒரு போன் போதுமேடி" என்றாள். "அரை நிமிஷம். 'அக்கா, வெட்டாதே'ன்னு மூணு வார்த்தைகூட இல்லை, ரெண்டே வார்த்தை. ராத்திரி பகலா எதையெதையோ பேசுவியே, கறிவேப்பிலை வாடிடுச்சுன்னுகூடப் போன் பண்ணுவியே!"

சின்னவள் அழுதாள். ஒட்டுக்காரர் அடிக்கட்டை ஒன்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது எதன் மேல் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டார்.

பிறகு, "மத்த வீடுங்க?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்தான். பதினேழு வீடும் தப்பு."

"அப்போ இங்க நின்னு அழாதேம்மா. தையல்காரம்மா சாமான் ஏத்த வண்டி வரச் சொல்லியிருக்காங்க. முதல்ல அங்க போ." தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "இரு. தனியாப் போகாதே. நானும் வரேன்."

தையல்காரம்மா வீட்டில் கதவையும் ஜன்னலையும் ஏற்கெனவே பெயர்த்திருந்தார்கள். தையல் மெஷின் கோணிப்பைக்குள் தெருவில் நின்றது. சின்னவள் சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"கண்ணு ஆகாசத்துல இருந்தாச் சரி, காலு எங்கடி போச்சு? தொட்டி எங்க நிக்குதுன்னு என் பேத்தியைக் கேட்டா சொல்லுவாளே! ஒரு எட்டு வந்து பார்க்க முடியலியா மகராசிக்கு?"

"அம்மா, திட்டுல பாதி எனக்கும் வைங்க. நானும்தான் வந்திருக்கேன்" என்றார் ஒட்டுக்காரர்.

"உங்களை எதுக்குய்யா திட்டணும்? நாலு மரத்தையும் அறுத்துட்டு நிக்கிறீங்க, உங்களைத் திட்டுறதுக்கு எனக்கு நாக்கு வருமா?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்தாள். பிறகு மூன்று பேருமாகக் கோணியை அவிழ்த்து மெஷினை உள்ளே தூக்கி வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பதினேழு வீட்டுக்கும் போய் வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் சின்னவள் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். தவறு என்னுடையது. ஒவ்வொரு வாசலிலும் ஒட்டுக்காரர் அவளுக்கு ஒரு அடி முன்னால் நின்றார்.

ஐந்து வாரம் கழித்துக் கிழக்குக் கரையை மறுபடி அளக்க உத்தரவு வந்தது. இந்தத் தடவை சின்னவள் ஒவ்வொரு மூலையிலும் போய் நின்றாள். கையில் பலகை போன்ற சிறு கணினி. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு படிவம்: எல்லை, உரிமையாளர், தற்போதைய பயன்பாடு. கடைசியாக அக்கா வீட்டுக்கு வந்தாள்.

நூற்று நாற்பது ஒட்டில் ஒன்பது பிடித்திருந்தது. மற்றவை குச்சி குச்சியாகக் காய்ந்து நின்றன. மாமர அடிக்கட்டை ஒன்றில் சிவப்பாகத் துளிர் விட்டிருந்தது. அக்காதான் முதலில் பார்த்து அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது தாய் இல்ல. தாய் ஒட்டுக் கட்டின இடத்துக்கு மேல இருந்துச்சு, அறுத்ததோட போயிடுச்சு. கீழேருந்து வர்றது காட்டு மா" என்றாராம். ஆனாலும் துளிரைக் கிள்ளவில்லை.

சின்னவள் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி யோசனை?" என்றாள் அக்கா.

"பயன்பாடுன்னு ஒரு கட்டம் இருக்குக்கா. 'தாய்மரத் தோட்டம்'னு போட்டுடறேன். பழைய படத்துல மரம் இருக்கு. விவசாய ஆபீஸும் இதைத்தான் பார்ப்பாங்க, யாரும் நேர்ல வரப் போறதில்ல. சான்றிதழ் தப்பிச்சுடும். அந்த ஒன்பது கன்னு வளர்ந்து குச்சி வெட்டுற வரைக்கும் காலம் தள்ளிடலாம்."

அக்கா கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் ஆசை இருந்தது. "போடட்டுமாங்க?"

ஒட்டுக்காரர் ஒன்பது கன்றுக்கும் தண்ணீர் விட்டு முடித்தார். "இப்போ உன் கண்ணுக்கு என்ன தெரியுது, சின்னவளே?"

"அத்தான்..."

"சொல்லும்மா."

"நாலு அடிக்கட்டை. வெறும் தரை."

"அப்போ அதைப் போடு."

"தப்பு என்னுது. இதையாவது நான்..."

"உன் மனசு எனக்குத் தெரியும். பார்க்காததைப் பார்த்தேன்னு ஒரு தடவை எழுதிட்ட. எனக்காக இன்னொரு தடவை எழுதாதே. அப்புறம் நான் ஆண்டவன் முன்னாடி எந்த முகத்தோட கையெடுத்துக் கும்பிடுறது?"

கட்டத்தில் பட்டியல் விரிந்தது. அவள் 'தரிசு' என்பதைத் தொட்டாள். பக்கத்தில், நேரில் பார்த்தது என்று தேதி போட்டாள். பதினேழு நிலமும் ஏரிக்கு வெளியே வந்துவிட்டன. அதில் ஒன்று தரிசு.

அக்கா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் சான்றிதழ் இருந்தது. இதுவரை சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, நூல் கட்டித் தங்கையிடம் கொடுத்தாள்.

"டவுனுக்குத்தானே போற. விவசாய ஆபீஸ்ல கொடுத்துடு. மரம் இல்லாம இதை வச்சிருக்கக் கூடாது. பத்திரம், கண்ணாடி." பிறகு, "ஏன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றாள்.

"என்னாலதான் வெட்டினாங்கன்னு சொல்லுவேன், அக்கா."

அக்கா நூலின் முடிச்சை மறுபடி ஒரு தரம் இறுக்கினாள்.

"அப்படிச் சொல்லாதே" என்றாள். "மரம் இல்லைன்னு மட்டும் சொல்லு. போதும்."